அன்னை ஒருத்தியின் நினைவு: டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்



சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் பங்கு இல்லத்திற்கு வந்து, தங்கள் தாயாருக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை வேண்டுமென்று கேட்டார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூவர். பூசைக்கு நாள் குறித்தபின் சிறிது நேரம் அமர்ந்து அந்தத் தாயாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலைப் பூசைக்கு எல்லாருக்கும் முந்தி வந்து கோவில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அவர். உங்களிற் பலர் அவரை அறிவீர்கள். அவருடைய பொறுமையைத்தான் எல்லாரும் பெரிதாய்ச் சொன்னார்கள். மார்பில் கட்டி ஒன்று கண்டும் இரண்டு வருஷம் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம். பேத்தியின் கலியாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம். வீட்டுக் கடன் அடையட்டும் என்று இன்னொரு வருஷம். அப்புறம் அடையாற்றுக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தவன் நான். அதற்கு முன் ஓராண்டுக்கு மேலாக அவருக்கு நற்கருணை கொடுத்தவனும் நானே. அவர் மெலிந்துகொண்டே வந்ததை என் கண்கள் கண்டன. ஒரு நாளாவது நிறுத்தி, அம்மா, உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டேன். குடும்பத்தார் அவருடைய பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அது எனக்குப் புகழாகக் கேட்கவில்லை, குற்றச்சாட்டாகவே கேட்டது.

ஆகையால் இந்த வாரம் வேறொரு தாயின் சரித்திரத்தை உங்களுக்குச் சொல்ல எண்ணினேன். நம் தாம்பரத்துப் பங்கு மக்களில் எத்தனையோ குடும்பங்கள் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கிப் பஸ் பிடித்து அந்த அடையாற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வருகின்றன. ஆவணியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் கால்நடையாய்ப் போகிறவர்களும் அந்தப் பக்கம் அறியாதவர்கள் அல்லர். அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது, யாருடைய கண்ணீரில் வந்தது என்பதை நம்மிற் சிலரே அறிவோம்.

அதை உண்டாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அம்மையார் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். அது பற்றி ஒருவரும் ஐயுற வேண்டாம். எரிக்கோவுக்குப் போகும் வழியில் காயப்பட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்தவன் யார் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். குருவும் லேவியனும் விலகிப் போனார்கள். அந்நியனான சமாரித்தனே இறங்கி வந்தான்.

அம்மையார் பிறந்தது 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். தந்தை நாராயணசாமி ஐயர். கல்வித் துறையில் பெரிய உத்தியோகம் வகித்த பிராமணர். தாய் சந்திரம்மாள், கோவில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமிருந்த சமூகத்தில் பிறந்தவர். இப்படி ஒரு விவாகத்தை அந்தக் காலத்துச் சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையின் சுற்றத்தார் விலகினார்கள். தாய் வழியிலோ, பெண் குழந்தை பிறந்தால் அதன் விதி என்ன என்பதை ஊரே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் வளர்ந்தார்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் அம்மையார் செய்த காரியங்களுக்கெல்லாம் வேர் தம் தாயிடத்தில் இருந்தது. ஒரு மகள் தன் தாயின் முகத்தில் கண்ட வேதனையை மறக்காமல் இருந்தாள்; அதிலிருந்து ஒரு சட்டமே பிறந்தது. அது எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அக்காலத்தில் பெண் பெரியவளானால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். முத்துலட்சுமிக்கும் அப்படியே நின்றது. தாய்க்கு மகளைக் காலத்தில் ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. அவர் அனுபவித்தவற்றை எண்ணினால் அந்தக் கவலையைக் குறை சொல்ல முடியாது. தந்தையோ மகளின் அறிவைக் கண்டு, வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மகள் தேறினாள். அடுத்துக் கல்லூரிப் படிப்பு. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றே. ஒரு பெண்ணை அங்கே சேர்ப்பதா என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அப்போது ஆட்சியிலிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மகாராஜா, எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளக் கட்டளையிட்டார். வகுப்பில் மற்ற மாணவர்கள் பாராதபடி திரை கட்டி, அதன் பின்னே உட்கார்ந்து அந்தப் பெண் பாடம் கேட்டாள்.

நம் பங்கில் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ரயிலில் பெண்கள் பெட்டியில் புத்தகமும் கையுமாய் நீங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறீர்களே, அந்த வழி தானாக உண்டானதன்று. திரைக்குப் பின்னே தனியே உட்கார்ந்து படித்த பெண்களால் திறந்த வழி அது.

1907-ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் பதக்கங்களோடும் சிறப்போடும் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்தியாவில் மருத்துவரான முதற் பெண்மணிகளில் ஒருவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அரசாங்க மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்த முதல் பெண்மணியும் அவரே.

1914-இல் அவருக்கு விவாகம் நடந்தது. மணமகன் டாக்டர் சுந்தர ரெட்டி; அவரும் மருத்துவர். அம்மையார் விவாகத்துக்கு இசையுமுன் ஒரு நிபந்தனை சொன்னார். தம்மைச் சரிசமமாய் மதிக்க வேண்டும்; தாம் மேற்கொள்ளும் நற்பணிகளுக்குத் தடை சொல்லலாகாது என்பதே அது. அவர் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டபடி நடந்தும் காட்டினார். ராம் மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. இவர்களில் இளையவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் வருவார்.

வாசகரே, இதுவரை நான் சொன்னது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கதை. அம்மையார் இவ்வளவோடு நின்றிருந்தாலும் நல்ல டாக்டர், நல்ல மனைவி, நல்ல தாய் என்ற பெயர் கிடைத்திருக்கும். தம் வீடு, தம் பிள்ளைகள் என்று இருந்துவிட்டால் உலகம் ஒருவரையும் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு துக்கம் நுழைந்தது. அம்மையாரின் தங்கைக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. நோய் இன்னதென்று தெளிவதற்குள்ளாகவே காலம் கடந்துவிட்டது. அக்காள் டாக்டர், அத்தான் டாக்டர், சென்னைப் பட்டணத்துப் பெரிய மருத்துவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். இருந்தும் ஒன்றும் செய்யக் கூடவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அந்தத் தங்கை கண்ணெதிரே வதைபட்டு இறந்தார்.

படித்த படிப்பெல்லாம் இருந்தும், தம் மடியில் வளர்ந்த தங்கையைக் காப்பாற்ற முடியாமற் போன வேதனை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். சிலர் இத்தகைய துக்கத்தில் மனம் இறுகிப்போவார்கள். சிலர் விதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மையார் இந்தத் துக்கத்தை முப்பது வருஷம் நெஞ்சில் சுமந்தார். சுமந்து, அதைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக்கிக் கட்டடமாய் எழுப்பினார்.

அந்த முப்பது வருஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் கற்றார். 1926-இல் பாரிஸ் மாநகரில் கூடிய சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் சென்னைச் சட்டசபைக்கு அவரை நியமனம் செய்தார்கள். வைத்தியத் தொழில் கெடுமே என்று முதலில் தயங்கினார், பிறகு ஏற்றுக்கொண்டார். இந்தியச் சட்டசபைகளில் அமர்ந்த முதற் பெண்மணி அவர். 1927-இல் அந்தச் சபையார் ஒருமனதாய் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆசனத்தில் அமர்ந்ததும் அவர் கையில் எடுத்த காரியம் எது தெரியுமா? தம் தாயின் சமூகத்துப் பெண்களுக்கு நேர்ந்துவந்த கொடுமை. வயது வராத பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டிவிட்டு, பின்னர் அவர்கள் வாழ்வைப் பணக்காரர் கையில் பொம்மையாக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று அவர் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பெரிய மனிதர்கள், படித்தவர்கள், தேசபக்தர் என்று பெயரெடுத்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். சாஸ்திரம் என்றார்கள், கலை அழிந்துவிடும் என்றார்கள். அந்த வழக்கத்தில் வாழ்ந்த பெண்களிலேயே சிலர் எதிர்த்து விண்ணப்பம் எழுதினார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைப் போல, அந்தச் சமூகத்திலேயே பிறந்து அக்கொடுமையை எதிர்த்து ஊரூராய்ப் பேசியவர்கள் துணை நின்றார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் பதிலுக்குத் தம் பிறப்பை மறைத்துக்கொண்டு பேசியிருக்கலாம். அவரோ டாக்டர், பெரிய டாக்டரின் மனைவி, சபையின் துணைத் தலைவர். பழைய கதையைக் கிளறாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திராது. ஆனால் தம்மைப் பெற்றவளை நினைத்து வெட்கப்படாத பிள்ளை அவர். 1929-இல் கோவில் மானியங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டு, மானிய நிலங்களை அனுபவித்துவந்த பெண்கள் கோவில் ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுபட வழி பிறந்தது. பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் முழுச் சட்டம் நிறைவேறியதோ 1947-இல். முதல் தீர்மானத்துக்கும் முழுச் சட்டத்துக்கும் நடுவே இருபது வருஷங்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் பொறுத்திருப்பதைப்போல அவர் பொறுத்திருந்தார். அது வாய்மூடிக் கிடந்த பொறுமையன்று. ஓயாமல் கேட்டுக்கொண்டேயிருந்த பொறுமை. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைக் கவனியுங்கள்.

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. காந்தியடிகளைச் சிறையில் அடைத்தபோது அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, வேலை போகவில்லை. ஏறத்தாழ அதே சமயத்தில், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த மூன்று இளம் பெண்கள் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். படிக்க வேண்டும், தங்க இடமில்லை. விடுதிகளில் அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். ஒரு சாதியார் விடுதியில் இந்தச் சாதிக்கு இடமில்லை. மற்றச் சாதியார் விடுதியில் இந்தக் குலத்துப் பெண்களுக்கு இடமில்லை. அம்மையார் என்ன செய்தார்? தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அந்த மூன்று பெண்களோடு தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாற்றுக்கு மாறி, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. எத்தனையோ குழந்தைகள் அங்கே படித்து ஆசிரியைகளாகவும் நர்ஸுகளாகவும் வெளியே வந்தார்கள்.

நம் திருச்சபையில் கன்னியர் மடங்கள் அநாதை இல்லங்களை நடத்துகின்றன. அதன் சிரமம் எனக்குத் தெரியும். அரிசி தீர்ந்துபோகும் மாதங்கள் உண்டு. காய்ச்சலில் பிதற்றும் குழந்தையின் பக்கத்தில் விழித்திருக்க வேண்டிய இரவுகள் உண்டு. சட்டசபையில் ஒரு சட்டத்துக்காக வாதாடுவது ஒரு வகை அன்பு. ராத்திரி கதவைத் தட்டும் பெண்ணுக்குப் பாயும் சோறும் கொடுப்பது இன்னொரு வகை அன்பு. இரண்டையும் ஒருவரே செய்வது அரிது. சட்டத்துக்காகப் பேசுகிறவர்கள் பலர் கதவைத் திறப்பதில்லை. கதவைத் திறக்கும் நம்மைப் போன்றவர்கள், அந்தப் பெண் ஏன் தெருவில் நின்றாள் என்று கேட்பதில்லை. அம்மையார் இரண்டையும் செய்தார்.

இனி அடையாற்று ஆஸ்பத்திரிக்கு வருவோம். தங்கை இறந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1935-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்தச் சமயத்தில் அம்மையார், புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். அப்போது அதைக் காதில் போட்டுக்கொண்டவர் குறைவு. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகிறவர்தானே, அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற நினைப்பு ஆட்சியிலிருந்தவர்களிடமும் இருந்தது. யுத்தம் வந்தது, விடுதலை வந்தது, அம்மையாருக்கு அறுபது வயதும் கடந்தது. அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஏற்படுத்தி, வீடு வீடாகவும் ஸ்தாபனம் ஸ்தாபனமாகவும் கேட்டுப் பணம் சேர்த்தார்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. எத்தனை படுக்கைகள் தெரியுமா? பன்னிரண்டே. இன்று சர்தார் பட்டேல் சாலையில் நிற்கும் பெரிய கட்டடங்களைப் பார்க்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு படுக்கைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் யார்? நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்திதான். வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். பட்டணத்தில் தனி வைத்தியம் செய்திருந்தால் பெரும் பொருள் சேர்த்திருக்கலாம். தாய் கொண்ட நோக்கத்தைத் தம் நோக்கமாக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். 1955-இல் டாக்டர் சாந்தா என்னும் இளம் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசாங்கத்தில் நல்ல உத்தியோகம் காத்திருந்தும் அதை விட்டு வந்தவர். பணமில்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற நோக்கத்தோடு இருவரும் உழைத்தார்கள். கிருஷ்ணமூர்த்தி 2010-இலும், சாந்தா அம்மையார் 2021-இலும் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவர்களுடைய வாழ்வாயிருந்தது.

ஒரு தாய் தன் பிள்ளைக்கு விட்டுப்போகத் தக்க ஆஸ்தி எது என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. நம் வீடுகளில் தாயார் இறந்த நாற்பதாம் நாளிலேயே நகையைப் பற்றியும் மனையைப் பற்றியும் பேச்சு எழுந்து, உடன்பிறந்தார் முகம் பாராமற் போவதை நான் கண்டிருக்கிறேன். சமரசம் செய்துவைக்க என்னைக் கூப்பிட்டதும் உண்டு. முத்துலட்சுமி அம்மையார் மகனுக்கு விட்டுப்போன ஆஸ்தி பன்னிரண்டு நோயாளிகள். அந்த ஆஸ்தி பெருகிற்று. பங்கு போடச் சண்டை வரவில்லை.

1956-இல் அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், 82 வயது நிறைவதற்கு எட்டே நாள் இருக்கும்போது, அவர் காலமானார். இன்று தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் பங்கில் அந்த உதவியைப் பெற்ற தாய்மார் பலர். விண்ணப்பத்தில் எழுதிய அந்தப் பெயர் யாருடையது என்று இனி உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லலாம். 2019 முதல் அவர் பிறந்த நாளான ஜூலை 30 அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகவும் கொண்டாடப்படுகிறது.

வாசகரே, இனி நான் முதலிற் சொன்ன நம் பங்குத் தாயாரிடம் திரும்புகிறேன்.

நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் நினைவுகூரும்போது நாம் எதைப் புகழ்கிறோம்? தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை என்கிறோம். மீந்ததைச் சாப்பிட்டாள் என்கிறோம். நோவு வந்தபோதும் சொல்லவில்லை என்கிறோம். தியாகம் புண்ணியம்தான், அதை நான் மறுக்கவில்லை. அர்ச். மோனிக்கம்மாள் தம் மகன் அகுஸ்தீனுக்காக வருஷக்கணக்காய் அழுது செபித்ததை நாம் பிரசங்கங்களில் சொல்லிவருகிறோம். ஆனால் அந்த அம்மாள் சும்மா வாயை மூடிக்கொண்டு அழவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். கடல் தாண்டி மகனைத் தேடிப் போனார். மேற்றிராணிமாரை விடாமல் தொந்தரவு செய்தார். தாயின் அன்பு வாய் பேசும் அன்பு. தனக்கு வந்த நோவை மறைப்பது அன்பினால்தான் என்றாலும், அந்த மறைவில் பிள்ளைகள் இழப்பது என்ன? தாயையே அல்லவா?

கலியாணம் தள்ளிப்போனாலும் நடக்கும். கடன் மெதுவாய் அடையும். கட்டி காத்திருப்பதில்லை. மார்பிலும் கர்ப்பப்பை வாயிலும் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் குணமாக்க முடியும். தாமதித்தால்தான் கைமீறிப் போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு இதற்குரிய பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். வெட்கம் என்று நம் பெண்கள் போவதில்லை. பெண் டாக்டர் இல்லாத காலத்தில் அந்த வெட்கத்தால் எத்தனையோ தாய்மார் மாண்டார்கள்; அதற்காகத்தானே ஒரு பெண் திரைக்குப் பின்னே உட்கார்ந்து படித்து டாக்டரானாள்?

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். மகன்மாரே, மகள்மாரே, மருமக்களே, உங்கள் தாயாரை உட்காரவைத்துக் கேளுங்கள். சமையற்கட்டில் நின்றுகொண்டிருக்கும்போது போகிற போக்கில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் விடை வரும். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக் கேளுங்கள். பேத்திமாரே, உங்கள் பாட்டி மகனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லக்கூடும், நீங்கள் கேளுங்கள். தாய்மாரே, கேட்டால் மறைக்காதீர்கள். செலவாகுமே என்று அஞ்சாதீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்களுக்காகச் செலவழிக்கவும் அலையவும் விடுங்கள். அந்தப் புண்ணியத்தை அவர்களுக்கு மறுக்காதீர்கள். வீட்டில் சொல்ல ஆளில்லாதவர்கள் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். நம் மரியாயின் சேனைப் பெண்கள் உங்களோடு ரயிலேறி வருவார்கள்.

நானும் ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறேன். இனி நற்கருணை கொடுத்து முடிந்தபின் கோவில் வாசலில் நின்று, மெலிந்த முகம் கண்டால் கேட்பேன். அந்தத் தாயாரிடம் கேட்காமற் போனதை மாற்ற என்னால் முடியாது. அடுத்தவரிடம் கேட்க முடியும்.

அவருடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. அவர் எப்போதும் உட்காரும் திண்ணை உங்களுக்குத் தெரியும். வாருங்கள், அந்த ஆத்துமாவுக்காகச் சேர்ந்து செபிப்போம். வரும்போது உங்கள் வீட்டுத் தாயாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் பங்குக் குரு